சதுக்கத்துக்கு முதுகு காட்டி

டர்பன்டைன் வாசனையும் சவரக் கிரீம் வாசனையும் ஒரே அறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. தலை கிறுகிறுக்கும். படியேறி வருகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னண்ணே, கடைக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "கடைக்கு இல்ல, ஊருக்கே அடிக்கிறாங்க" என்று மூன்றாவது நாற்காலிப் பக்கம் சீப்பைக் காட்டுவேன். அங்கே என் மனைவி, முடி வெட்டும்போது நான் ஆட்களுக்குப் போர்த்துகிற துணியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய கேன்வாஸின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவள் அங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் எதிர்ச்சாரியில் இருக்கும் ஹோட்டலின் முதலாளி. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் கழுத்தில் இருந்த என் கத்தி.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். அரை நாள் வேலை. மீதி நேரத்தில் வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் படம் வரைவாள். வரைந்து முடித்ததும் ஏதோ திருட்டுச் சாமான்போலப் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவாள். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் அதில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து சலூனில் மாட்டினேன். மழையில் நனைந்த ஒரு விளக்குக் கம்பம், அவ்வளவுதான் படம். ஆனால் பார்த்தால் நமக்கே சட்டை ஈரமானதுபோல இருக்கும். விஷயம் தெரிந்ததும் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் படத்தைக் கழற்றவும் இல்லை.

ஹோட்டல் முதலாளி சவரத்துக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். ஹோட்டலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். முன்கூடத்துச் சுவரில் மாட்ட, சதுக்கத்தை அப்படியே, ஜே ஜே என்று கூட்டத்தோடு, பெரிய படமாக வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தாராம்.

"இது யாரு வரைஞ்சது?"

"என் வீட்டுக்காரிதான் சார்."

"சதுக்கத்தை வரைவாங்களா?"

"அதெல்லாம் அச்சு அசலா வரைவா சார். அவகிட்டயே குடுத்துடுங்களேன்."

கத்தி கழுத்தில் இருக்கும்போது யாரும் அவசரப்பட்டு மறுப்பதில்லை. சரி என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். "உங்களை யாரு வாயைத் திறக்கச் சொன்னா? நான் கேட்டேனா? அவ்ளோ பெரிய படம் நான் வரைஞ்சதே இல்ல. நாலு பேர் வந்து போற இடத்துல மாட்டி, நாளைக்கு யாராவது சிரிச்சா?" பாத்திரங்களை எல்லாம் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். நான் தேமே என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி, வரையறேன். ஆனா ஒண்ணு. இது சரியா வரலைன்னா இத்தோட விட்டுடுவேன். பிரஷ், பெயின்ட் எல்லாத்தையும் ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன். அப்பறம் நீங்க வந்து நச்சரிக்கக் கூடாது."

அது வெறும் மிரட்டல் இல்லை. ஏனென்றால் அவள் சொன்னால் செய்கிற ஜாதி. சர்க்கரையை விடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள், அன்றோடு விட்டுவிட்டாள். நான் அதே சபதத்தை வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிறேன். படம் வரைகிற நாட்களில் அவள் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டே இருப்பாள், சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பேருக்குமே தெரியாது, வீடு வீடாக இருக்கும். வரையாத நாட்களில் என் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டுவாள். அவள் பிரஷ்ஷைக் கீழே போட்டால் நஷ்டம் எனக்குத்தான்.

படம் சதுக்கத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு என் சலூனை விட்டால் இடம் கிடையாது. செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடி. ஒரு பக்கச் சுவர் முழுக்க நீளமான கண்ணாடி, அதன் முன்னால் மூன்று நாற்காலிகள். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட ஜன்னல், அதன் கீழே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஜன்னலைத் திறந்தால் மொத்தச் சதுக்கமும் காலடியில் கிடக்கும். நடுவில் நீரூற்று, பக்கத்தில் மணிக்கூண்டு, ஒரு மூலையில் தபால் நிலையம், இன்னொரு மூலையில் ஹோட்டல், சுற்றிலும் பஸ்ஸும் காரும் சைக்கிளும் புறாவும்.

அவளுக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. யாராவது பார்த்தால் கை நின்றுவிடும். வீட்டில் நான் பின்னால் வந்து நின்றாலே பிரஷ் அந்தரத்தில் நிற்கும். அதனால் சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட நான் இருமிவிட்டுத்தான் போவேன். அப்படிப்பட்டவள் முதல் நாள் ஜன்னல் ஓரத்தில் ஸ்டாண்டை நிறுத்திக் கரித்துண்டைக் கையில் எடுத்தாள். கீழே பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் சதுக்கமே அண்ணாந்து நின்றது. பலூன்காரர் பலூன்களைத் தூக்கிப் பிடித்தார். செருப்புத் தைப்பவர் தலையை வாரிக்கொண்டார். "அக்கா, என்னையும் போடுங்கக்கா!" என்று காலேஜ் பெண்கள் தோளில் கை போட்டு நின்றார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் கையை உயர்த்தியபடியே சிரித்துக்கொண்டு நிற்க, பஸ்ஸெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தது.

அவள் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு வந்து மூன்றாவது நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். அந்த நாற்காலி சுற்றாது. அதனால் அதில் யாரையும் உட்கார வைப்பதில்லை.

"என்னால முடியாதுங்க. போய்ச் சொல்லிடுங்க."

நான் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி அடக்கினாள். எதிரே கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் கொஞ்சம் மங்கிய பழைய கண்ணாடி அது. அதில் அவள் தலைக்கு மேலே, ஜன்னல் வழியாக, சதுக்கம் தெரிந்தது. மழை விட்ட சாயங்காலம். தூரத்துக் கட்டடங்கள் புகைபோல நின்றன. விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கி, ஈரத் தரையில் நீளமாக இறங்கின. ஜனங்கள் தங்கள்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒரு பின்னந்தலைதான் தெரியும்.

"இங்கயே வரையறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பல வாரங்கள், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சலூனுக்கு வந்துவிடுவாள். ஸ்டாண்டை நாற்காலிக்கு முன்னால் சற்று ஒதுக்கி வைத்து, கேன்வாஸைப் பார்ப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், கேன்வாஸைப் பார்ப்பாள். கடைக்கு வருகிறவர்கள் பின்னால் இருக்கிறார்களே என்று முதலில் பயந்தேன். ஆனால் சலூனுக்கு வருகிறவன் கண்ணாடியில் தன் மூஞ்சியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்பதை அவள் ஒரே நாளில் கண்டுகொண்டாள். முடி வெட்டி எழுந்து துண்டை உதறும்போது மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது.

படம் வளர்ந்தது. முதலில் எல்லாம் சாம்பல் நிறத் தீற்றலாக இருந்தது. எனக்கு உள்ளூரக் கவலைதான், வெளியே சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் நான் ஒருவருக்கு மீசை ஒதுக்கிவிட்டுத் திரும்புகிறேன், அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து மணிக்கூண்டு எழுந்து நிற்கிறது. அதற்குக் கோடே போடவில்லை அவள். சுற்றியிருந்த மூட்டத்தைத் தட்டைக் கத்தியால் கொஞ்சம் வழித்தாள், அவ்வளவுதான். மஞ்சளில் ஒரு தொடுதல், பஸ்ஸின் விளக்கு. கறுப்பில் ஒரு வளைவு, குடையோடு ஓடுகிற ஒரு பெண். கிட்டே போனால் வெறும் பெயின்ட். தள்ளி நின்றால் இரைச்சல்கூடக் கேட்கும். கடைப் பலகைகளில் எழுத்து எதுவும் போடவில்லை. மூட்டத்தில் எழுத்து எங்கே தெரியும்? எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவள் காதில் விழாத தூரத்தில் இருக்கும் எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் சலூனில் ஒரு பெரியவர் உண்டு. தலையில் ஒரு முடி கிடையாது. தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுப் போவார். அவருக்கு 'ஓசிப்பேப்பர்' என்று பெயர் வைத்திருந்தோம், அவருக்கும் தெரியும். அவர் ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தையும் சுவர்க் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு குறை சொல்ல முடியாதுப்பா. அப்படியே இருக்கு."

ஹோட்டல் முதலாளியும் ஒரு நாள் நாற்காலியில் இருந்து எழுந்து, கழுத்துத் துணியோடு வந்து நின்று பார்த்தார். "என் ஹோட்டலுக்கு வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா போட்டிருக்கீங்களே டீச்சர், சந்தோஷம்" என்றார். அவள் காது மடல் சிவந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் படத்தைக் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. தொட்டால் விரலில் ஒட்டும். மேலே துணி போர்த்தினால் துணியும் படமும் ஒன்றாகிவிடும். ஆகவே திறந்தபடியேதான் தூக்கிப் போக வேண்டும். விடிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாதபோது போய்விடலாம் என்றாள். ஹோட்டலில் ஆணி அடிக்கிற ஆசாரி பதினோரு மணிக்குத்தான் வருவார் என்று பதில் வந்தது. அந்த நேரத்துக்குச் சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது.

நான் முன்பக்கம், அவள் பின்பக்கம். ஓசிப்பேப்பர் எங்களுக்கு முன்னால் சுருட்டிய பேப்பரை ஆட்டிக்கொண்டு, "வழி! வழி! ஈரப் பெயின்ட்!" என்று கத்தியபடி நடந்தார். அவருக்கு அன்று வாயெல்லாம் பல். என் மனைவி கேன்வாஸின் முதுகுப்பக்கம் ஒளிந்துகொண்டாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பெரிய படம், அதன் ஓரத்தில் நாலு விரல், கீழே இரண்டு கால். இப்படியே சதுக்கத்தின் பாதி தூரம் வந்தோம். நீரூற்றுக்கு முன்னால் ஒரு பஸ் திரும்பியது.

"கொஞ்சம் இறக்கி வைங்க" என்றாள். "எங்கயாவது உரசிடுச்சான்னு பாக்கணும்."

நீரூற்றின் விளிம்பில் படத்தைச் சாய்த்து வைத்தோம். அவள் பத்தடி பின்னால் போய், சலூன் பக்கம் நின்று, படத்தைப் பார்த்தாள். படத்துக்குப் பின்னால் நிஜச் சதுக்கம் விரிந்து கிடந்தது. அவள் அசையவில்லை.

"என்ன, எங்கயாவது ஒட்டிக்கிச்சா?"

"ஹோட்டல் எங்கங்க இருக்கு?"

"இதென்ன கேள்வி? அதோ, இடது கைப்பக்கம். அங்கதானே போயிட்டிருக்கோம்."

"படத்துல?"

நான் அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். படத்தில் ஹோட்டல் வலது பக்கம் ஜொலித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் தபால் நிலையம். நிமிர்ந்து பார்த்தேன். வலது பக்கம் தபால் நிலையம். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். மாறவில்லை. படத்தில் பஸ்ஸெல்லாம் வரக் கூடாத பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. மணிக்கூண்டுக்கு எந்தப் பக்கம் நீரூற்று இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இல்லை. சதுக்கத்தை யாரோ பிடித்துப் பழைய சட்டையைப்போல உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது.

"கண்ணாடி" என்றாள் மெதுவாக. "நாம கண்ணாடியைப் பாத்து வரைஞ்சிருக்கோம்."

இத்தனை வாரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நாள் முழுக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் நான். எனக்குத் தெரிந்த சதுக்கமே கண்ணாடிக்குள் இருப்பதுதான். தபால் நிலையத்துக்கு வழி கேட்டு வந்தவர்களை எத்தனை தடவை எதிர்ப்பக்கம் அனுப்பியிருக்கிறேனோ. நாற்காலியில் உட்கார்ந்தவன், பெஞ்சில் உட்கார்ந்தவன், எல்லோரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியவர்கள்தான். படத்தைக் கண்ணாடியோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அச்சு அசல் என்று தலையாட்டினார்கள்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. செருப்புத் தைப்பவர் தையல் ஊசியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன்க்கா, நான் கூண்டுக்கு இந்தப் பக்கம்தானே உக்காருவேன்? என்னை எதுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டீங்க?"

ஒருவர் சிரித்தார். "அட, எல்லாமே பக்கம் மாறிக் கிடக்குய்யா!" என்றார் இன்னொருவர். ஓசிப்பேப்பர், ஒரு குறை சொல்ல முடியாது என்று சொன்ன அதே ஓசிப்பேப்பர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இப்படி ஓட்டினா அத்தனை பஸ்ஸும் ஆஸ்பத்திரிலதான் போய் நிக்கும்" என்றார். குபீரென்று சிரிப்பு. கூட்டம் முழுக்கச் சிரித்தது. பலூன்காரர் பலூன் எல்லாம் ஆட ஆடச் சிரித்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தச் சிரிப்புக்குப் பயந்து அவள் இத்தனை வருஷம் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாளோ, அந்தச் சிரிப்பு நடுச் சதுக்கத்தில் அவளைச் சுற்றி நின்றது. போச்சு, இன்றைக்கே பிரஷ்ஷெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறது என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"என்னய்யா வேடிக்கை? படம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நகருங்க எல்லாரும்!"

"விடுங்க" என்று என் கையைப் பிடித்தாள். பிறகு செருப்புத் தைப்பவரைப் பார்த்துக் கேட்டாள், "அது நீங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நான் முகமே போடலையே."

"அதான் குனிஞ்சிருக்கேனேக்கா. என் முதுகு எனக்குத் தெரியாதா?"

"உன் முதுகை நீ எப்பய்யா பாத்த?" என்றார் பலூன்காரர்.

"என் பொண்டாட்டி தினம் சொல்றாளே, கேள்விக்குறி மாதிரி இருக்கேன்னு. இது அதேதான்."

பலூன்காரர் படத்துக்குக் கிட்டே குனிந்தார். "அப்ப இந்தச் செவப்புப் பொட்டு நாலும் நானாத்தான் இருக்கணும். ஆமாய்யா! காத்தடிச்சா இப்படித்தான் ஒரு பக்கமா இழுக்கும்." காலேஜ் பெண்களில் ஒருத்தி குடைக்காரியைக் காட்டி, "இது எங்க மேடம்! இப்படித்தான் ஓடுவாங்க" என்றாள். ஆளாளுக்குத் தங்களைத் தேடினார்கள். சண்டைகூட வந்தது, ஒரே சாம்பல் தீற்றலைக் காட்டி இரண்டு பேர், அது நான்தான் என்றார்கள். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கல்யாண வீட்டுப் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக மாறியிருந்தது.

அவள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"படம் நல்லாத்தாங்க இருக்கு."

அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கூட்டத்தைப் பார்த்து ஹோட்டல் முதலாளியே இறங்கி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பார்த்தார், சதுக்கத்தைப் பார்த்தார், தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு தோளைக் குலுக்கினார்.

"சரி போங்க. எத்தனை பேர் இதைக் கவனிக்கப் போறாங்க? எனக்கே தெரியலையே. தூக்கிட்டு வாங்க, மாட்டிடலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குனிந்து படத்தின் ஓரத்தைப் பிடித்தேன்.

"வேண்டாம் சார்" என்றாள் என் மனைவி.

நான் பிடித்தபடியே நிமிர்ந்தேன்.

"உங்க முன்கூடத்துல பெரிய ஜன்னல் இருக்கு. சதுக்கமும் தெரியும், படமும் தெரியும்."

"தெரியட்டுமே. யாரு உத்துப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேனே சார். வேற வரைஞ்சு தரேன். பிடிச்சிருந்தா மாட்டுங்க, இல்லைன்னா விட்டுடுங்க."

"நாளைக்குத் திறப்பு டீச்சர். சுவத்துல வெறும் ஆணிதான் இருக்கும்."

"ஆணி இருக்கட்டும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? கையில் கத்தியும் இல்லை. "புதுசு பிடிக்கலைன்னா எடுத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நான் வாயை மூடவே இல்லை. "அவரே மாட்டறேன்னு சொல்றாரு. குதிரைக்கொம்பா ஒரு வாய்ப்பு வருது, வேண்டாம்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு? கவனிக்க மாட்டாங்கன்னு அவரே சொல்றாரே! பஸ் எந்தப் பக்கம் போனா உனக்கென்ன? நீ என்ன டிரைவரா?" அவள் மேலே வந்து, படத்தை நீளக் கண்ணாடிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சுவரில் சாய்த்தாள். அங்கே அது கண்ணாடிக்குள் தெரிந்த சதுக்கத்தோடு தையல் தெரியாமல் சேர்ந்துகொண்டது. அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உண்மையில் எனக்குக் கோபம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கப் பயம், அதுதான் கோபமாக வந்துகொண்டிருந்தது.

"அப்ப பிரஷ்ஷெல்லாம்?" என்றேன் கடைசியில்.

"என்ன பிரஷ்?"

"சரியா வரலைன்னா விட்டுடுவேன்னு சொன்னியே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படம் சரியாத்தானே வந்திருக்கு? எடம்தான் மாறிப்போச்சு. நீங்க என்ன, அத்தனை பேர் நடுவுல நின்னுக்கிட்டு எதையும் காதுல வாங்கலையா?" என்றாள். பிறகு டர்பன்டைன் புட்டியைத் திறந்து பிரஷ்ஷை ஒவ்வொன்றாக அலச ஆரம்பித்தாள். தனக்குள் ஏதோ பாடினாள். அந்த நாற்றத்தை நான் அவ்வளவு ஆசையாக இழுத்து மோந்ததில்லை.

"அப்ப இனிமே ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறியா?"

"இல்ல. கீழ."

"கீழன்னா?"

"நீரூத்துகிட்ட."

மேலிருந்து பார்ப்பதுபோலத்தானே முதலாளி கேட்டார் என்றேன். பிடிக்காவிட்டால் அவர் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, அப்புறம் எங்கிருந்து வரைந்தால் என்ன என்றாள். வாதத்தில் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் ஹோட்டல் திறப்பு விழா. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. முதலாளி அதன் கீழே ஒரு செடித் தொட்டியை நகர்த்தி வைத்துச் சமாளித்தார். அதே நாள் என் மனைவி ஒரு புதுக் கேன்வாஸோடு சதுக்கத்தில் இறங்கினாள்.

அன்றைக்கு என்னால் வேலையில் நிற்க முடியவில்லை. பாதிச் சவரத்தில் ஒருவரை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். அவளைச் சுற்றிக் கூட்டம். பலூன்காரர் பலூனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவள் கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். கை ஓடவில்லை. எனக்கு மேலிருந்தே தெரிந்தது. கீழே போய் எல்லோரையும் விரட்டலாமா என்று துடித்தேன். "அண்ணே, சோப்பு காயுதுண்ணே" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. திரும்பிப் போய் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறுபடி வந்து பார்த்தேன். இன்னும் அப்படியே நின்றாள். பலூன்காரருக்குக் கை வலித்து இறக்கிவிட்டார். காலேஜ் பெண்களுக்குப் பஸ் வந்துவிட்டது. அசையாமல் நிற்பது எத்தனை அலுப்பான வேலை என்று அவரவருக்குப் புரிந்து, ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். பின்னால் மட்டும் சிலர் நின்றார்கள். ஓசிப்பேப்பரும் அதில் ஒருவர், பேப்பரை அங்கேயே நின்று படித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு முறை திரும்பி அவர்களைப் பார்த்தாள். பிறகு சதுக்கத்தைப் பார்த்தாள். ஒரு கோடு போட்டாள்.

அதன் பிறகு தினமும் அங்கேதான். பின்னால் நிற்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், தபால்காரர், ஒரு நாள் ஒரு ஆட்டோக்காரர் முழு மத்தியானமும். "அந்தப் பச்சை ஜாஸ்தியோ?" என்று யாரோ கேட்டால் அவள் பதிலும் சொன்னாள். படத்தில் மூட்டம் எழுந்தது. இந்த முறை அது கண்ணாடியின் மங்கல் இல்லை. நீரூற்றின் தெளிப்பும் பஸ் புகையும் சாயங்கால வெயிலும் ஒன்றாகக் கலந்து, தரையிலிருந்து எழும்பி, மணிக்கூண்டை இடுப்புவரை மறைத்தது.

ஒரு நாள் சாயங்காலம் வானம் கறுத்து, லேசாகத் தூறல் விழ ஆரம்பித்தது. ஈரப் படம் நனையுமே என்று நான் கத்தரியைப் போட்டுவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அங்கே பத்து இருபது பேர் நின்றார்கள். ஹோட்டல் முதலாளியும் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது வந்தாரோ தெரியவில்லை, படத்துக்கு ஓரமாக நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்கு மேலே யாரோ ஏற்கெனவே ஒரு பெரிய குடையைப் பிடித்திருந்தார். நான் என் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடிக்கலாம் என்று முன்னால் போய் நின்றேன். அவள் தலையில் தூறல் பொட்டுப் பொட்டாக மின்னியது. கண்கள் என்னைத் தாண்டி, ஈரத் தரையில் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்த விளக்கு வெளிச்சத்தின் மேல் இருந்தன. பிரஷ் அந்தரத்தில் நின்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் சத்தமாக, அத்தனை பேர் முன்னாலும். "மறைக்கிறீங்க. சார், நீங்களும்."

முதலாளியும் நானும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்து ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டோம். கூட்டம் சிரித்தது. அவள் சிரிப்பைக் காதில் வாங்கவே இல்லை, வரைந்துகொண்டிருந்தாள். நான் விரிக்காத குடையோடு நனைந்துகொண்டே, மறைக்காத தூரத்தில், சந்தோஷமாக நின்றேன்.